வெந்நீர்க்காரி

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேர் ஃபிண்ட்லே. மீதிப் பேர் ஃபிண்ட்லே வீட்டில் பெண் எடுத்தவர்கள். பிறக்கிற ஆண்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரையே வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், ஒரே தெருவில் நாலைந்து ஜார்ஜ் ஃபிண்ட்லே இருப்பார்கள். தபால்காரர் பைத்தியம் பிடித்து ஓடிவிடாமல் இருக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. டாண்டி, ஸ்னூக், ஷாவி என்று. கேலிக்கு வைத்த பெயர் இல்லை அது. கல்யாணப் பத்திரிகையில் போடுவோம், செத்தால் கல்லறைக் கல்லிலும் அடைப்புக்குறிக்குள் வெட்டிவைப்போம். வெளியூர்க்காரருக்கு அது லேசில் கிடைக்காது. என் வீட்டுக்காரர் பக்கத்து ஊரிலிருந்து வந்து, முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தி, இங்கேயே செத்தும் போனார். கடைசிவரை அவருக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நெட்ரா ஹேமண்டுக்கு வந்த ஒரு மாதத்திலேயே வைத்துவிட்டார்கள்.

அவளும் அவள் கணவர் ஆர்டனும் அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்தவர்கள். எழுபதைத் தொட்ட பிறகு நிலத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் சபைக்கு ஊழியம் செய்ய ஒன்றரை வருஷத்துக்கு ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டு வந்தார்கள். சாப்பாடு, வாடகை எல்லாம் சொந்தச் செலவு. எங்கள் சபையில் இது வழக்கம்தான். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு, எங்கே போகச் சொன்னாலும் போவார்கள். ஊழியத்தில் இருக்கும்வரை பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது முறை. ஐம்பது வருஷம் முன்பு கட்டிக்கொண்ட புருஷனை நெட்ரா 'மூப்பர் ஹேமண்ட்' என்பாள். அவர் அவளைச் 'சகோதரி ஹேமண்ட்' என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஏதாவது தப்பாகப் போனால்தான் 'ஆர்டன்', 'நெட்ரா' என்று வாயில் வரும்.

எங்கள் சபையென்று பெருமையாகச் சொல்கிறேன், துறைமுகத்தில் வலைக்கிடங்குக்கு மேலே ஒரு வாடகை அறை, அவ்வளவுதான். இருபது பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. மது, புகை, டீ, காபி எதுவும் எங்களுக்குக் கிடையாது. மற்றதையாவது மன்னிப்பார்கள், டீயைத் தொடாதவளை இந்த ஊரில் மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தேன். மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்கிற என் சிப்ஸ் கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் இன்றுவரை அதைச் சொல்லித்தான் சீண்டுகிறான்.

ஆர்டன் முதல் நாள் கடைக்கு வந்தபோது ஒரு சிப்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த ரகக் கிழங்கும்மா?"

"மூட்டையில வர்ற ரகம்."

"பாவம். நல்ல குடும்பத்துல பிறந்த கிழங்கு மாதிரிதான் தெரியுது. வளர்ப்பு சரியில்ல."

வரிசையில் நின்ற மீன்பிடிக்கிற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு அவருக்கு ஊர் திறந்துகொண்டது.

நெட்ராவின் வழி வேறு. அவள் வேலையைக் கொண்டு ஊருக்குள் நுழைந்தாள். இளம் ஊழியக்காரப் பையன்களின் வாடகை வீட்டுக்குப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அவர்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினாள். நோயாளிகளுக்குச் சூப் கொண்டுபோனாள். ஆனால் அவளையும் ஆர்டனையும் சபை அனுப்பியது முக்கியமாகக் கல்லறைகளுக்காக. எங்கள் சபைக்குச் செத்தவர்களின் பெயர் உயிர். ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது, குடும்பம் குடும்பமாகத் தேடிக் கோத்துவைக்க வேண்டும் என்று நம்புகிறோம். அதனால் அந்த இரண்டு பேரும் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டு, கடற்கரையோரம் இருக்கிற ஒவ்வொரு கல்லறைத் தோட்டமாகப் போய்க் கல் கல்லாகப் போட்டோ எடுத்தார்கள். மழையில் நனைந்தார்கள், ஆட்டுக்கடாவிடம் முட்டு வாங்கினார்கள். ஆர்க்னி தீவுக்குக் கப்பலேறிப் போனபோது ஆர்டன் வழி முழுக்க வாந்தி. இறங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகக் கல்லறைத் தோட்டம் எங்கே என்று விசாரித்தாராம்.

அப்படித்தான் வில்லா அத்தையைப் பிடித்தாள் நெட்ரா. இல்லை, வில்லா அத்தை அவளைப் பிடித்தாள்.

வில்லா ஃபிண்ட்லே எங்கள் சபை இல்லை, எனக்கு உறவும் இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவள் அத்தைதான். எண்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாய் கொஞ்சம் நீளம். கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ஜார்ஜ் ஃபிண்ட்லே, டாண்டி வீட்டு ஜார்ஜ், படகோடு கடலில் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. ஒரு போட்டோகூட இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இருக்கிறது, அதற்குக் கீழே யாரும் இல்லை. அவள் அம்மா அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் கல்லில் விரலைப் பிடித்து ஓட்டித்தான். கண் போன பிறகு அத்தை மறுபடியும் அப்படியே வாசிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் கையையாவது பிடித்துக்கொண்டு போவாள், கல்லின் மேல் விளிம்பில் கட்டைவிரலை வைப்பாள், அப்புறம் சுட்டுவிரலால் ஒவ்வொரு எழுத்தாக இறங்குவாள். ஜார்ஜ். ஃபிண்ட்லே. டாண்டி. கடலில் மறைந்தார். முடிந்ததும் "சரி, போலாம்" என்பாள். அந்தக் கை பெரும்பாலும் என் கையாக இருந்தது. பிறகு நெட்ராவின் கையானது.

முதல் தடவை நெட்ராவை வீட்டுக்குக் கூட்டிப்போனது நான்தான். அத்தை தடவித் தடவி டீ போடப் போனாள்.

"எனக்கு வெறும் வெந்நீர் போதும் வில்லா," என்றாள் நெட்ரா.

"வெந்நீரா? ஏன், வயித்தால போகுதா?"

"இல்ல. எங்க சபையில டீ குடிக்கமாட்டோம்."

"எங்க சபையில ஞாயித்துக்கிழமை துணி துவைக்கக் கூடாது. நான் கதவைச் சாத்திட்டுத் துவைச்சேன்."

"நான் குடிச்சா உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

அத்தை டீ டப்பாவை மூடினாள். அப்புறம் அலமாரியிலிருந்து அவள் அம்மாவின் ரோஜாப்பூக் கோப்பையை எடுத்தாள். நான் சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிறேன், எனக்கு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்ததில்லை. அதில் வெந்நீரை ஊற்றி நீட்டினாள்.

"இந்தா, வெந்நீர்க்காரி."

அடுத்த வாரம் ஊரே அப்படிக் கூப்பிட்டது. நெட்ராவுக்கு வருத்தமோ என்று பார்த்தேன். அது என்ன மரியாதை என்று நான் விளக்கிச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தபாலில் மகனுக்கு எழுதினாளாம். அதற்கப்புறம் வாரத்தில் பாதி நாள் அவள் அங்கேதான். செய்தித்தாளில் மரண அறிவிப்பை வாசித்துக் காட்டுவாள். "யாரு, ஷாவி வீட்டு மேகியா? அவ நல்லவளே இல்ல," என்று அத்தை ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொல்வாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் பட்டினி கிடந்து, கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்வோம். 'எனக்குத் தெரியும்' என்று ஆரம்பிப்பது வழக்கம். கர்த்தர் ஜெபம் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், இப்படி. மறு வருஷம் மே மாதம் நெட்ரா எழுந்தாள்.

"கர்த்தர் என்னை இந்த ஊருக்கு அனுப்பினது வில்லாவுக்காகன்னு எனக்குத் தெரியும். எந்தப் பேரும் அவர் முன்னால அழியாதுன்னு எனக்குத் தெரியும்."

நான் கைக்குட்டையை எடுத்தேன். எங்கள் சபையைப் பார்த்து ஊர் சிரித்த இத்தனை வருஷத்துக்கு இது பதில் என்று எனக்கு மண்டைக்கனம் ஏறிப்போயிற்று.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அத்தைக்குப் பிறந்தநாள். செவ்வாய் மதியம் கடையில் நல்ல கூட்டம். ஆர்டன் வந்து வரிசையில் நிற்காமல் நேராகக் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரோனா, கொஞ்சம் கடையைச் சாத்திட்டு வர்றீங்களா?"

"எண்ணெய் கொதிக்குது மூப்பரே. யாருக்கு என்ன?"

"நெட்ரா கல்லறைத் தோட்டத்துல இருக்கா."

சகோதரி ஹேமண்ட் என்று சொல்லவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

அங்கே அவள் ரப்பர் கையுறையோடு முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, பிளீச்சிங் வாடை, கம்பி பிரஷ். முன்னால் டாண்டியின் கல். இத்தனை வருஷம் மஞ்சளும் சாம்பலுமாகக் கல்பாசி மூடிக் கிடந்த கல் இப்போது பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று மட்டும்தான் இருந்தது. எழுத்து இருந்த முகப்பு முழுக்கப் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்து, உள்ளே மொழுக்கென்று புதுக்கல். அவள் மடியில் பாவாடையை விரித்து அந்தப் பொருக்குகளைச் சேர்த்துவைத்திருந்தாள். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடத் தொட அது மணலாக உதிர்ந்தது.

"இதை ஒட்டவைக்க முடியுமா ரோனா?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் வயது கண்ணில் படவில்லை.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? இது மணற்கல்லு. கல்பாசிதான் அதைப் பிடிச்சுவெச்சிருக்குது. ஊர்ல ஒருத்தரும் அதைச் சுரண்டமாட்டோம்."

"எங்க ஊர்ல ஒவ்வொரு மே மாசமும் எங்க அம்மா அப்பா கல்லைத் தேய்ச்சுக் கழுவுவேன். கருங்கல்லு. ஒண்ணும் ஆகாது. அவ விரலுக்கு எழுத்து நல்லா படட்டும்னு நினைச்சேன். பிறந்தநாளுக்கு. அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"இருக்கும்," என்றேன்.

அவள் தலை தூக்கவில்லை. நான் அடித்த அடி போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆர்டன் குனிந்து அவள் தோளைப் பிடித்தார்.

"நெட்ரா, எழுந்திரு. இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

"பிறந்தநாள் முடியட்டும் ஆர்டன்."

"இன்னிக்குச் சொன்னா தப்பு பண்ணினவ. நாளைக்குச் சொன்னா மறைச்சவ."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன். என் வாயாலதான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லாதீங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. சத்தியம் வாங்காத குறையாக எங்களிடம் ஒப்புக்கொள்ளவைத்தாள். வியாழக்கிழமை கேக் வெட்டினார்கள். நான் போகவில்லை, கடையில் வேலை இருந்தது என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஷெட்லண்ட் தீவுக்குப் போனார்கள். முன்பே சீட்டு எடுத்திருந்த பயணம்தான், ஆனால் ரத்து செய்யலாமே என்று ஆர்டன் கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. அங்கேயும் கல்லறைகளைப் போட்டோ எடுத்தார்களாம். எந்தக் கல்லையும் அவள் தொடவில்லை, தூர நின்று எடுத்தாள் என்று ஆர்டன் பிறகு சொன்னார். இந்தத் தடவை கப்பலில் வாந்தி எடுத்தது அவள்.

ஞாயிறு வந்தது. கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அவளை ஓரமாகப் பிடித்தேன்.

"சொல்லியாச்சா?"

"வழியில சொல்றேன்."

அத்தையை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு நாலு பேரும் நடந்தோம். நெட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை முன்னால், நானும் ஆர்டனும் பின்னால். அத்தைக்கு அன்று நல்ல உற்சாகம்.

"ஏன் பொண்ணே, ஷெட்லண்ட்ல யாராவது பொணம் எழுந்து உனக்குப் போஸ் குடுத்துச்சா?"

நெட்ரா சிரிக்கப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சர்ச் வாசலில் நின்றாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்துவிட்டு நடந்தாள். புல் சரிவில் ஒரு தடவை நின்றாள். ஷூவைச் சரிசெய்தாள். ஆர்டன் என் பக்கத்தில் வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

கல்லுக்கு வந்துவிட்டோம். அத்தை கை நீட்டி மேல் விளிம்பைப் பிடித்தாள். கட்டைவிரல் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. சுட்டுவிரல் கீழே இறங்கியது. நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது. உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தடவினாள். காற்றில் அவள் தலைத்துணி படபடவென்று அடித்துக்கொண்டது, அதை ஒதுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பொண்ணே, இது எந்தக் கல்லு? நீ வழி தப்பிட்டியா? இல்ல எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

குரலில் பயம் இருந்தது. வில்லா அத்தை பயந்து நான் கேட்டதே இல்லை.

நெட்ரா வாயைத் திறந்தாள்.

"ஆமா வில்லா. தப்பான வரிசைக்கு வந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"நெட்ரா," என்றார் ஆர்டன். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது. ஒரு ஆளின் துணி நடுத்தெருவில் அவிழ்ந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்போமே, அப்படி நின்றோம்.

அவள் அத்தையின் கையைப் பிடித்து இரண்டு வரிசை தள்ளிக் கூட்டிப்போனாள். அந்தத் தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்தவள், எது எங்கே இருக்கிறது என்று எங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். அதே உயரம், அதே மணற்கல், அதே கொத்தனார் வெட்டியது. அத்தை கையை வைத்தாள். ஜார்ஜ். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஃபிண்ட்லே. மூச்சு விட்டாள். அங்கே விரலை எடுத்துவிடுவாள் என்று நெட்ரா நம்பியிருக்க வேண்டும். விரல் அடைப்புக்குறிக்குள் போனது. முதல் எழுத்திலேயே நின்றது. இருந்தாலும் கடைசி எழுத்துவரை போனாள்.

"இது ஸ்னூக்," என்றாள் அத்தை.

விரலைக் கல்லிலிருந்து எடுத்தாள்.

"எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் ஸ்னூக் வீட்டு வாசலை மிதிச்சதில்ல." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "முதல்ல நின்ன இடம் எங்கப்பாவோடது. மேல இருக்கிற பள்ளம் என் கட்டைவிரல் பள்ளம். எழுத்து எங்க?"

நெட்ரா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிரஷ், பிளீச்சிங், பிறந்தநாள், மடியில் சேர்த்த பொருக்கு. அழுதுகொண்டே சொன்னாள். அத்தை கடைசிவரை கேட்டாள்.

"கல்லு பழசு. நீங்க தேய்க்காட்டியும் இன்னும் கொஞ்ச வருஷத்துல உதிர்ந்திருக்கும். ஆசையில செஞ்சீங்க. அதுக்கு நான் ரெண்டு நாள் அழுதிட்டு விட்டிருப்பேன்." அத்தையின் குரல் ஏறவே இல்லை. "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு உங்களைத்தான் கேட்டேன், திருமதி ஹேமண்ட். எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டீங்க. எனக்குக் கண்ணு இல்லைங்கிறதை எடுத்து உபயோகப்படுத்திட்டீங்க."

'நீங்க' என்று சொன்னது எனக்கே சுரீரென்றது.

"ரோனா, கையைக் குடு. வீட்டுக்குப் போலாம்."

திங்கட்கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கடையில் வரிசையில் நின்று கேட்டார்கள். "என்ன ரோனா, உங்க சபையில என்ன விலைக்குப் பேரை அழிச்சுக் குடுக்கிறீங்க?" "எங்க மாமியார் பேரு ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?" நான் மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தேன். வெந்நீர்க்காரி போய் அவள் பெயர் 'பிரஷ்' ஆகிவிட்டது. முதல் தடவையாக எங்கள் ஊர் ஒரு பட்டப்பெயரைக் கேலிக்கு வைத்தது.

ஒரு கொத்தனாரை அழைத்து மறுபடி வெட்டித் தருகிறோம் என்று சபை சார்பில் கேட்டோம். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். நெட்ரா கதவைத் தட்டினால் உள்ளிருந்து "வேலையா இருக்கேன்" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை நானே மறுபடி கூட்டிப்போனேன். அத்தை மொட்டைக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது, "சரி, போலாம்" என்பாள். கேட்டுக்கு வெளியே சாலைக்கு அந்தப் பக்கம் நெட்ரா நின்றிருப்பாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன்.

ஜூன் முதல் ஞாயிறு கூட்டத்தில் அவள் எழுந்தாள். எனக்குத் தெரியும் என்று ஆரம்பிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"நான் ஒரு கண் தெரியாத அம்மாவை ஏமாத்தினேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்டன் மட்டும் மெல்லிய குரலில் சொன்னார். அவர் அதற்கப்புறம் கடைக்கு வந்து கிழங்கைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை, வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

இலையுதிர்காலத்தில் அவர்கள் ஊழியம் முடிந்தது. புறப்படும் நாள் காலையில் காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு நெட்ரா என் கடைக்கு வந்தாள்.

"ஒரு தடவை கேட்டுப் பாக்கறீங்களா ரோனா? கதவுகிட்ட நின்னு சொல்லிட்டு வந்துடறேன்."

எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போய்க் கேட்டேன். அத்தை முகத்தைச் சுளித்தாள். "ஊரைவிட்டுப் போறவங்களுக்குக் கதவைத் திறக்காம இருக்க முடியுமா? வரச்சொல்லு."

ஆர்டன் காரிலேயே இருந்தார். நெட்ரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அத்தை எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள். சாதாரணக் கோப்பைகள் இரண்டை எடுத்தாள், ஒன்றில் டீத்தூள் பையைப் போட்டு, பால் விட்டு, நெட்ராவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பழைய வழக்கம்போல ஆரஞ்சு ஜூஸ்.

"குடிங்க திருமதி ஹேமண்ட். தூரப் பயணம்," என்றாள். "நான் போய்க் கோழிக்குத் தீனி போட்டுட்டு வரேன்." பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

நெட்ரா அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துபோய்க் கொடுத்தாளா, யாரோ தெரியாதவளுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தாளா, எனக்கும் புரியவில்லை. கழுவுதொட்டி இரண்டடியில் இருந்தது. ஊற்றிவிட்டுக் கோப்பையைத் திருப்பி வைத்தால் யாருக்கும் தெரியாது. கிழவிக்கு மனசு நோகாது, இவள் விரதமும் கெடாது, நல்லபடியாக விடைபெற்றுக்கொண்டு போகலாம். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானே எழுந்து ஊற்றிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். நெட்ராவின் கண்ணும் தொட்டிக்குப் போய் வந்தது. கோப்பையின் காதைப் பிடித்தாள். விட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீ ஆடை கட்டியது. அத்தை உள்ளே வந்து கையைக் கழுவினாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல வில்லா." நெட்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியே இருக்கு. நான் டீ குடிக்கமாட்டேன்."

அத்தை மேஜையைத் தடவிக்கொண்டு வந்தாள். கோப்பையைக் கண்டுபிடித்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். விளிம்புவரை இருந்தது.

"தெரியும்," என்றாள். "ஊத்திட்டுக் குடிச்சேன்னு சொல்லுவியோன்னு பாத்தேன்."

நெட்ரா அழவில்லை. முகம் மட்டும் காதுவரை சிவந்துபோயிருந்தது. அப்படி ஒருத்தி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அத்தைக்கு அது தெரிந்திருக்காது, அல்லது தெரிந்திருக்கும்.

அத்தை அந்த டீயை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போனதால் முகத்தைச் சுளித்தாள். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து, ரோஜாப்பூக் கோப்பை இருக்கிற அலமாரிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"கெட்டில்ல வெந்நீர் மிச்சம் இருக்கு," என்றாள். "நீயே ஊத்திக்கோ."